உன் படத்துக்கு முன்னால் ஆறிய சோறு

நேற்று முற்பகல் செட்டிபாளையத்தில், பிரதான வீதியோரம், இரண்டு தடிகளுக்கு நடுவே உன் முகம் தொங்கிக்கொண்டிருந்தது. நான் மோட்டார் சைக்கிளை நிறுத்தவில்லை. அது எப்படியோ நின்றுவிட்டது. பின்னால் வந்த முச்சக்கரவண்டிக்காரன் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொண்டு விலகிப் போனான். 

அச்சடித்து ஒரு நாள்கூட ஆகாத பனர். வெயிலில் மை வாசம் வீசியது. முகம் உன்னுடையதுதான், விளையாட்டுப் போட்டியன்று மைதானத்தில் எடுத்த படத்திலிருந்து வெட்டியிருக்கிறார்கள். கழுத்துக்குக் கீழே நீ இல்லை. நீலக் கோட்டும் சிவப்பு டையும் கட்டிய வேறு யாரோ ஒருவனின் உடம்பு. ஸ்டூடியோக்காரர்கள் செத்தவர்களுக்கென்றே வைத்திருக்கும் கோட் அது. எங்கள் பாடசாலைக் காவலாளி செத்தபோது அவரும் இதே கோட்டைத்தான் போட்டிருந்தார். நீ வாழ்நாள் முழுக்க இரண்டு அரைக்கைச் சட்டைகளைத் தோய்த்துத் தோய்த்துப் போட்டவன்.

படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: ஓராண்டு நினைவை முன்னிட்டு வறிய மாணவர்களுக்கான மதிய உணவு. அனுசரணை, அன்புத் தம்பி, லண்டன்.

நீ போன திகதி இன்னும் வரவில்லை. திதி முந்திக்கொண்டு வந்துவிட்டது. எனக்கு யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்லப் போகிறார்கள்? உன் முப்பத்தோராம் நாள் சடங்கு வீட்டிலேயே, சாப்பிட்ட கை காய முன்னர், நற்பணிச் சங்கத் தலைவர் எழும்பி, பிள்ளைகளின் விடுமுறை முகாமை இனிச் சங்கமே நடத்தும் என்று அறிவித்துவிட்டார். நாமிருவரும் சேர்ந்து தொடங்கியது அது. ‘மாஸ்டர் இனி ஓய்வெடுக்கட்டும்’ என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை, மறக்கவும் போவதில்லை. அன்றிலிருந்து முகாம் நடக்கும் பலநோக்கு மண்டபத்துப் பக்கம் நான் போகவில்லை. நேற்றுப் போனேன்.

வாவிப் பக்கக் கதவால் நுழைந்தேன். பிள்ளைகள் பாயில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் முன்னால் தட்டில் சோறு, பருப்பு, பூசணிக்காய், அப்பளம், வடை. எல்லாம் பரிமாறி முடிந்திருந்தது. ஆனால் ஒரு கை அசையவில்லை. ஈக்கள் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. முன்னால் மேசையில், மாலை போட்ட சட்டத்துக்குள், மறுபடியும் நீ. அதே கோட்.

முகாமைப் பார்த்துக்கொள்ளும் மலரை உனக்குத் தெரியும், உன்னிடம் படித்த பாலர் பாடசாலை ஆசிரியை. என்னைக் கண்டதும் எழும்பி நின்றாள்.

“ஏன் மலர், பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள்?” என்று கேட்டேன்.

“லண்டன் கோல் வரணும் சேர். பன்னிரண்டரைக்கு எடுக்கிறெண்டு சொன்ன. இரவு வேல முடிஞ்சு வந்து படுத்திட்டார் போல.”

முன் வரிசையில் இருந்த ஒரு பெண் பிள்ளை, சதுர்சி என்று பிறகு தெரிந்துகொண்டேன், எனக்கு விளக்கினாள்: “லண்டன் இன்னும் எழும்பல்ல சேர். எழும்பினாத்தான் கும்பிட்டுட்டுத் தின்னலாம்.”

‘சாப்பிடுங்கள்’ என்று சத்தமாகச் சொன்னேன். யாரும் சாப்பிடவில்லை. எல்லாரும் மலரைப் பார்த்தார்கள். கடைசி வரிசையில் ஒரு சின்னவன் வடையை நோக்கிக் கையை நீட்டினான். பக்கத்தில் இருந்தவன் அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டினான். “லண்டன் பாக்கணும்டா.” இதை எந்தப் பெரியவரும் அப்போது சொல்லிக்கொடுக்கவில்லை. அதுதான் என்னை உலுக்கியது.

மலர் என்னை ஓரமாக இழுத்தாள். “சேர், கோவிக்காதீங்க. மிச்ச லீவு நாளுக்கும் அவர்தான் தாறெண்டு தலைவர் சொன்ன. கோல் சரியா நடக்காட்டி இண்டையோட முடிஞ்சுபோகும். பிறகு நான் எங்க போற?”

ஆக, அந்த வரிசைகளில் ஆறிக்கொண்டிருந்தது ஒரு நேரச் சோறு மட்டுமல்ல. பாடசாலை நாட்களில் இந்தப் பிள்ளைகளுக்கு மதியம் ஏதோ கிடைத்துவிடும். விடுமுறை விட்டால் அடுப்பு எப்போது மூளும் என்று அவர்களுக்குத் தெரியாது. நாம் இந்த முகாமைத் தொடங்கியதே அதனால்தானே. படம் கீறலும் பட்டம் கட்டலும் வாவிக் குளிப்பும் சோற்றுக்குப் போட்ட சட்டை என்று நீதான் சொன்னாய். “சோத்துக்கு வா எண்டா பிள்ளை வெக்கப்படும் மச்சான். விளையாட வா எண்டா ஓடி வரும்.”

முதல் விடுமுறையிலேயே நமக்குத் தெரிந்துவிட்டது, எங்கள் ஆட்கள் பசிக்குக் கொடுப்பதைவிடச் செத்தவருக்குக் கொடுப்பதுதான் அதிகம் என்று. கனடாவிலிருந்து ஒரு தகப்பனின் திவசம், சுவிஸிலிருந்து ஒரு தாயின் திவசம். ஒவ்வொரு நாளும் ஒரு படம், ஒரு மாலை, ஒரு குத்துவிளக்கு. திவசச் சோறு என்பதால் மரக்கறி மட்டும். வாவிக்கரையில் பிறந்த பிள்ளைகள், செத்தவர்களின் புண்ணியத்தில், விடுமுறை முழுக்க ஒரு துண்டு மீன் காணவில்லை. காலையில் வந்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி: “சேர், இண்டைக்கு ஆரு செத்த?”

அந்தக் கேள்வியைக் கேட்ட அன்று நீ படங்களையெல்லாம் நிறுத்தினாய். திவசச் சோற்றை ஏற்போம், படம் வேண்டாம், கமராவும் வேண்டாம் என்றாய். கொடுக்கிறவர், அல்லது அவரின் ஊர்ச் சொந்தம் யாராவது, வந்து பந்தியில் பிள்ளைகளோடு இருந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்டபின் ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டும்: செத்தவர் சின்ன வயதில் என்ன விளையாடினார்? அன்று பின்னேரம் பிள்ளைகள் அந்த விளையாட்டை விளையாடுவார்கள்.

பைத்தியக்காரச் சட்டம் என்று நான் நினைத்தேன். ஆனால் அது நடந்தது. ஒரு கிழவருக்காகக் கிளித்தட்டு மறித்தோம். இன்னொருவருக்காகப் போர்த்தேங்காய் அடித்து, உடைந்த தேங்காயையெல்லாம் மறுநாள் சம்பலாக்கினோம். தன் தாய்க்காகச் சோறு கொடுத்த ஒரு பெண்ணை நினைவிருக்கிறதா? “அம்மா விளையாடினவவா எண்டே எனக்குத் தெரியா சேர்” என்று சொல்லி, பந்தியிலேயே அழத் தொடங்கினாள். பிறகு கல்குடாவில் இருந்த சித்திக்குப் போன் போட்டுக் கேட்டாள். கொக்கான் வெட்டுவாளாம், ஊரில் அவளை வெல்ல ஆளில்லையாம். அன்று பின்னேரம் மண்டபம் முழுக்கக் கல்லெறிந்து பிடித்தார்கள். அந்தப் பெண்ணும் சின்னப் பிள்ளையைப்போலக் குந்தியிருந்து விளையாடினாள்.

“நீ என்ன விளையாடினாய்?” என்று ஒருமுறை உன்னிடம் கேட்டேன். “நீந்தின” என்றாய், வாவியைப் பார்த்துக்கொண்டு. நம்பினேன். உன் தோள்களைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள்.

அந்த வான் வந்த நாளையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் எனக்கும் உனக்கும் கணக்கு முடியவில்லை. ஒரு வியாபாரி வான் நிறையப் பிரைட்றைஸ் பார்சலோடும் ஒரு படப்பிடிப்பாளரோடும் வந்தார். பிள்ளைகள் பார்சலை இரண்டு கையாலும் நீட்டிப் பிடிக்க வேண்டும், அவர் நடுவில் நிற்பார். நீ முடியாது என்றாய். வான் திரும்பிப் போனது. பொரித்த கோழி வாசம் மட்டும் மண்டபத்தில் நின்றது. பிள்ளைகள் அன்று வெறும் சோறும் சம்பலும் தின்றார்கள். நான் உன்னைச் சும்மா விடவில்லை. “உன்ட கொள்கைய நீ தின்னு, பிள்ளையளுக்குப் போடாத” என்றேன். நீ முதுகைக் காட்டிக்கொண்டு சட்டி கழுவினாய். நான் மாதக்கணக்கில் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நேற்று, அதே இடத்தில், மலரின் கைப்பேசி அடித்தது.

சங்கத்து ஒலிவாங்கியைக் கைப்பேசிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். “எழும்புங்க, எழும்புங்க” என்றாள் மலர். பிள்ளைகள் எழுந்து உன் படத்தைப் பார்த்துக் கைகூப்பினார்கள். அவ்வளவு பழக்கமாக, அவ்வளவு ஒழுங்காக. திரையில் உன் தம்பி. வேலைச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை, தலைமயிர் ஒரு பக்கம் நெரிந்து கிடந்தது. உன்னை எரித்த நாளிலும் அவன் இப்படித்தான் போனுக்குள் இருந்து பார்த்தான். விசாப் பிரச்சினையாம். நீ உயிரோடு இருந்து இந்தப் பிள்ளைகளுக்காக ஊர் ஊராகக் கேட்டுத் திரிந்தபோது காசு அனுப்ப அவனுக்கு எந்த விசாவும் தேவைப்படவில்லை. ஒரு சதமும் வரவில்லை. நான் அவனை மனதுக்குள் வைத்திருந்த இடம் உனக்குத் தெரியும்.

கைப்பேசியை மலரின் கையிலிருந்து பறித்தேன். அவனை இந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் கூனிக்குறுக வைக்க வேண்டும். அது மட்டும்தான் என் நோக்கம்.

“தம்பி, இங்கே ஒரு சட்டம் இருந்தது. உன் அண்ணன் போட்ட சட்டம். செத்தவர் சின்ன வயதில் என்ன விளையாடினார் என்று கொடுக்கிறவர் சொல்ல வேண்டும். உன் அண்ணன் என்ன விளையாடினான்? சொல்லு.”

தெரியாது என்பான் என்று காத்திருந்தேன். அவன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். “அண்ணே, நீங்களா?” என்றான். வலையமைப்புப் போய்விட்டதோ என்று மலர் எட்டிப் பார்த்தாள்.

“நாங்க எங்கண்ணே விளையாடின? பள்ளிக்கூடம் எண்டா தின்ன ஒரு பணிஸ் குடுப்பாங்க. லீவு விட்டா அதுவும் இல்ல. லீவெண்டா எங்களுக்குப் பயம்.” ஒலிபெருக்கியில் அவன் குரல் கரகரத்தது. “அண்ணன்தான் ஒரு விளையாட்டுக் கண்டுபிடிச்ச. விடிய எழும்பி ரோட்டால நடப்பம். ஆரு முதல் வெள்ளைக்கொடி காணுற எண்டு பாப்பம். செத்த வீட்டு ஒழுங்கையில கட்டுவாங்கதானே, அது. கண்டா அண்டையில இருந்து எட்டு எண்ணுவம். எட்டாம் நாள் சடங்குக்கு அந்த வீட்டுக்குப் போனா சோறு. முதல் கண்டவனுக்கு மத்தவன்ட வடை.”

பிள்ளைகள் கூப்பிய கையை இறக்கியிருந்தார்கள்.

“செத்தவர்ட படத்துக்கு முன்னால எங்களையும் நிக்க வைப்பாங்க. அண்ணன் என்ட முதுகில கிள்ளுவான், அழுடா எண்டு. அழுதா ரெண்டாம்தரமும் சோறு போடுவாங்க. ஒருக்கா ஒரு வீட்டில கேட்டாங்க, நீங்க செத்தவருக்கு என்ன முறையெண்டு. அண்ணன் டக்கெண்டு சொன்னான், நாங்க பேரப்பிள்ளையள் எண்டு.” உன் தம்பி சிரித்தான். “அந்தாளுக்குக் கலியாணமே நடக்கல்ல.”

மண்டபம் முழுக்கச் சிரித்தது. மலரும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சிரிக்கவில்லை. ஆசிரியர் கலாசாலையில் ஒரே அறையில் படுத்தவர்கள் நாம். என் தகப்பனின் குடியை, என் கலியாணம் குழம்பிய கதையை, எல்லாவற்றையும் உன் முன்னால் கொட்டினேன். நீ நீந்தினாய் என்று சொன்னாய்.

அவனே பிறகு கேட்டான்: “அண்ணே, பிள்ளையள் ஏன் இன்னும் கை வைக்கல்ல? சோறு ஆறிக் கிடக்கு.”

“உனக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.”

“எனக்கா? ஆரு நிக்கச் சொன்ன? பிள்ளையள் தின்னுறதப் பாக்கணும் எண்டுதான் நான் தலைவரிட்டக் கேட்ட. கும்பிடச் சொல்லிக் கேட்கல்ல. வயிறு நிறையத் தின்னுறதப் பாக்கணும், அவ்வளவுதான். இருக்கச் சொல்லுங்கண்ணே. தின்னச் சொல்லுங்க.”

மலர் சொல்லுமுன்னரே அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் கைப்பேசியை வாங்கி ஒவ்வொரு வரிசையாகக் கொண்டுபோய்க் காட்டினாள். அப்பளம் நொறுங்கும் சத்தம்தான் ஒலிபெருக்கியில் கேட்டது.

நீங்கள் இருவரும் ஒரே படத்துக்கு முன்னால் நின்று ஒரே சோற்றைத் தின்றிருக்கிறீர்கள். ஒருவன் அந்தப் படத்தை வாழ்நாள் முழுக்க வெறுத்தான். மற்றவன் தனக்குச் சோறு போட்டது அந்தப் படம்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நான் இவ்வளவு காலமும் ஒருவனை நல்லவன், மற்றவனைக் கஞ்சன் என்று வைத்திருந்தேன். அவன் அனுப்பாத காலத்துக்கு அவனை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் முன்பு அவனை வைத்திருந்த இடத்தில் இப்போது வைக்க முடியவில்லை. அது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

கை கழுவப் போன இடத்தில் சதுர்சி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“சேர், அந்த விளையாட்டு எங்களுக்கும் தெரியும்.”

“எந்த விளையாட்டு?”

“லண்டன் மாமா சொன்ன விளையாட்டு. நாங்க கொடி பாக்கிறல்ல. பனர் பாப்பம். லீவில காலையில ரோட்டுக்கு வருவம். பனர் கட்டிக் கிடந்தா இஞ்ச சோறு. இவன்தான் எப்பவும் முதல் காணுற.” தன் தம்பியைக் காட்டினாள். வடைக்குக் கை நீட்டித் தட்டு வாங்கியவன் அவன்தான். “பொம்பிளப் படம் எண்டா பாயாசமும் இருக்கும். கோட் போட்டிருந்தா வெளிநாடு. கோட் இல்லாட்டி ஊர்க்காசு, சொதி மட்டும்தான்.”

“பனர் இல்லாவிட்டால்?”

“இல்லாட்டி வீட்ட போய்ப் படுப்பம்.” அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. “சேர், உங்கட கூட்டாளிட பனர் பின்னேரம் எங்களுக்குத்தான். ரீச்சர் தாறெண்டவ. எங்கட குசினிக் கூரை ஒழுகுது.”

நான் மறுபடி உன் தம்பியை அழைத்தேன். படுக்கப் போயிருந்தவன் எழும்பி எடுத்தான். இந்தப் பிள்ளை சொன்னதை அப்படியே சொன்னேன். “அப்ப பனர வேணாம் எண்டு விடுவம்” என்றான் உடனே. பிறகு யோசித்தான். “பனர் இல்லாட்டி சோறு இரிக்கெண்டு பிள்ளையளுக்கு எப்பிடித் தெரியும் அண்ணே?”

“ஒவ்வொரு நாளும் இருந்தால் தெரியத் தேவையில்லை.”

“ஒவ்வொரு நாளும் என்னால ஏலா அண்ணே” என்றான். “பொய் சொல்ல விருப்பமில்ல. பள்ளிக்கூடம் துறக்குமட்டும் கிழமை நாள்ல தாறன். சனி ஞாயிறு வேற ஆரையும் பாருங்க.” நேர்மையான பதில். அதனால்தான் அதிகமாக வலித்தது. பனரையும் படத்தையும் நிறுத்தத் தலைவரோடு சண்டை பிடிக்க வேண்டும்; அதற்கு நான் தயார். அதற்கென்றே பிறந்தவன் போல இருக்கிறேன். சனி ஞாயிறுக்கு யாரைப் பார்ப்பது? ஒவ்வொரு படலையாகப் போய்க் கேட்க நீ இருந்தாய். எனக்குக் கேட்கத் தெரியாது. ஏசத்தான் தெரியும்.

உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். அந்த வானைத் திருப்பி அனுப்பிய அன்று உன் சின்ன வயதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் உன் பக்கம் நின்றிருப்பேன். நீ சொல்லவில்லை. அதனால் உனக்கு எதிராகப் பேசினேன். அந்தப் பழியை நான் சுமக்க மாட்டேன், அது உன்னுடையது. சட்டி கழுவிக்கொண்டு நின்ற உன் முதுகை நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். கிள்ளவும் கிள்ளினால் அழவும் பழகிய சிறுவர்கள் வளர்ந்தபின் எப்படி இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நீ அழுது நான் ஒருநாளும் கண்டதில்லை.

இன்று ஞாயிறு. சோற்றுக்கு ஆளில்லாததால் முகாம் இல்லை. சனி ஞாயிறுக்கு ஆள் பார்க்கலாம் என்று காலையில் தேற்றாத்தீவுப் பக்கம் புறப்பட்டேன். எனக்குத் தெரிந்த ஒரு அரிசி ஆலைக்காரர், என்னோடு பழைய கோபம் உள்ளவர். அவர் வீட்டுக்குப் போகுமுன், பிரதான வீதியில், ஒரு ஒழுங்கை வாசலில் தடிகள் நட்டு வெள்ளைத் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். புதுத் துணி, மடிப்புக்கூடக் கலையவில்லை. இரண்டு ஆட்கள் கதிரைகள் இறக்கினார்கள். உள்ளே யாரோ ஒப்பாரி வைத்தார்கள்.

நின்று யாரென்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. என் விரல்கள் வண்டியின் கைப்பிடியில் ஒவ்வொன்றாக மடிந்துகொண்டிருந்தன. ஞாயிறு, திங்கள், செவ்வாய். எட்டு, மறு ஞாயிற்றில் போய் நின்றது. அன்றைக்கும் முகாமில் சோறு இருக்காது.